டொக்டரிடம் பேச நாங்கள் பழகிய ஆங்கிலம்

கண்டியிலோ பேராதனையிலோ ஒரு பெரிய வார்டில் காலை ரவுண்ட்ஸ் வரும்போது கவனித்துப் பாருங்கள். பெரிய டொக்டர் நோயாளியிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்பார். சிலர் தமிழிலேயே "வலி இருக்கா?" என்று கேட்பார்கள். அப்புறம் கூட நிற்கும் சின்ன டொக்டர்மார் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுவார். எந்த மருந்தைக் கூட்டுவது, எந்த ஸ்கேனுக்கு அனுப்புவது, எப்போது டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகும். நோயாளி கட்டிலில் படுத்து முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மாவுக்கு சீனியும் பிரஷரும் உண்டு. கிளங்கன் ஆஸ்பத்திரியில் கிளினிக், அங்கிருந்து கண்டிக்கு என்று அவரோடு அலைந்த காலத்தில்தான் இந்த ஆங்கிலத்தைப் பழக ஆரம்பித்தேன். பிறகு அக்கம்பக்கத்து லயங்களிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, "புள்ள, நீயும் கூட வா" என்று கூப்பிட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1987இல் வந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. ஆஸ்பத்திரியில் நம் மொழியில் பேச வசதி கேட்பது நம் உரிமை. ஆங்கிலம் பழகிவிட்டோம் என்பதற்காக அதைக் கேட்காமல் விடக்கூடாது. ஆனால் இன்று நெஞ்சு அடைக்கும் மனுஷிக்கு இன்றைக்கே பேச்சு வேண்டும்.

சிங்களம் போதாதா என்று கேட்பார்கள். துண்டு எடுக்க, மிஸ்ஸியிடம் (நேர்ஸிடம்) பேச, அட்டெண்டனிடம் வழி கேட்கச் சிங்களம்தான் உதவும். அதையும் பழகத்தான் வேண்டும். ஆனால் நம் நாட்டு மருத்துவ பீடங்களில் படிப்பு முழுக்க ஆங்கிலம். கிளினிக் கொப்பியில் எழுதுவது ஆங்கிலம், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டும் ஆங்கிலம். சிங்கள நோயாளிக்கும் அப்படித்தான். நோயைப் பற்றிய பேச்சில் நுழைய வேண்டுமானால் கொஞ்சமாவது ஆங்கிலம் வேண்டும்.

எங்கே பழகுவது? டவுனில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனேன். தன்னை அறிமுகப்படுத்துவது, கடையில் சாமான் வாங்குவது, நேர்முகப் பரீட்சைக்குப் போவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மூத்திரம் எரிகிறது என்று எப்படிச் சொல்வது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு வழி கிடைத்தது வேறு இடத்தில். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக விரும்பும் நேர்ஸ்மாரும் டொக்டர்மாரும் ஓ.ஈ.டி. என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதன் பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்பு உண்டு, ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். பரீட்சார்த்தி தன் சொந்தத் தொழிலையே செய்வார். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவாகவோ நடிப்பார். அதற்கான பயிற்சி வீடியோக்கள் யூடியூபில் நிறையக் கிடக்கின்றன. எல்லோரும் நேர்ஸின் பேச்சைத்தான் பாடமாக்குவார்கள். நான் நோயாளியின் பேச்சை கொப்பியில் எழுதினேன். ஒரு பக்கத்தில் அம்மா தமிழில் சொல்வது, அடுத்ததில் அதற்கு ஆங்கிலம், அதற்கும் அடுத்ததில் அதைக் கேட்டதும் டொக்டர் கேட்கக்கூடிய கேள்வி. இந்த மூன்றாவதுதான் அதிகம் உதவியது.

ஏனென்றால் டொக்டரின் கேள்விகள் ஓர் ஒழுங்கில்தான் வரும். வலியைப் பற்றி விசாரிக்க மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாக்ரடீஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்து. எட்டும் எட்டுக் கேள்வி. "வேர் இஸ் த பெய்ன்?" எங்கே வலிக்கிறது. "வென் டிட் இட் ஸ்டார்ட்?" எப்போது தொடங்கியது. "வாட் இஸ் இட் லைக்?" எப்படிப்பட்ட வலி. "டஸ் இட் கோ எனிவேர் எல்ஸ்?" வேறு எங்காவது பரவுகிறதா. அப்புறம் அதோடு வாந்தி, வியர்வை, காய்ச்சல் ஏதும் உண்டா, விட்டு விட்டு வருகிறதா, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கடைசியாக எவ்வளவு கடுமை. இந்த ஒழுங்கு மனதில் இருந்தால், வேகமாகப் பேசும் டொக்டரின் வாயில் பாதிச் சொல் பிடிபடாவிட்டாலும் எந்தக் கேள்வியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். இஸ்தோப்பு வகுப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இலக்கணம் மெதுவாக வரட்டும்.

இதில் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது மூன்றாவது கேள்வியில். தமிழில் வலிக்கு எத்தனையோ சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கு வந்ததும் எல்லாம் "பெய்ன்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அப்படி அடங்க விடக்கூடாது. கத்தியால் குத்துவதுபோல் இருந்தால் "ஸ்டாபிங்". விண் விண்ணென்று தெறித்தால் "த்ரொபிங்". எரிந்தால் "பேர்னிங்". வயிற்றைப் பிசைந்தால் "க்ராம்பிங்". கொழுந்துக் கூடை சுமந்து முதுகு கடுக்கிறதே, அது "ஏக்கிங்". மரத்துப்போனால் "நம்". நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் "டைட்", பாரம் வைத்ததுபோல் இருந்தால் "ஹெவி".

கடைசி இரண்டையும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன். தோட்டத்தில் நெஞ்சு வலி வந்தால் முதலில் "வாய்வு புடிச்சிருச்சு" என்பார்கள். டொக்டரிடம் போயும் "கேஸ்டிக்" என்பார்கள். அவர் கேட்பது இவர்களுக்கு என்ன செய்கிறது என்று, இவர்கள் சொல்வது நோயின் பெயர். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலை, உடம்பு என்ன செய்கிறது என்று சொல்வது நம் வேலை. "மை செஸ்ட் இஸ் டைட். இட் கோஸ் டு மை லெஃப்ட் ஆர்ம். ஐ ஆம் ஸ்வெட்டிங்." நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை இவை சேர்ந்தால் மாரடைப்பாக இருக்கலாம் என்று எந்த டொக்டரும் உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். "கேஸ்டிக்" என்று சொல்லி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

தலைசுற்றலும் அப்படித்தான். வீடே சுற்றுவதுபோல் இருக்கிறதா, கண் இருட்டி விழப்போவதுபோல் இருக்கிறதா? டொக்டருக்கு இவை வேறு வேறு சங்கதி. முதலாவதற்கு "எவ்ரிதிங் இஸ் ஸ்பின்னிங்", இரண்டாவதற்கு "ஐ ஃபீல் ஃபெய்ன்ட்". வெறுமனே "கிடினெஸ்" என்றால் அவர் மறுபடியும் கேட்கத்தான் வேண்டும்.

எவ்வளவு கடுமை என்பதற்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் கேட்பார்கள். எங்கள் ஆச்சிமாருக்கு இந்த நம்பர் கணக்கு சரிவராது. உயிர் போகிற வலியைக் கூட "லேசா இருக்கு டொக்டர்" என்று சொல்கிறவர்கள் அவர்கள். அதனால் நம்பரோடு, செய்ய முடியாமல் போன ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஷீ கான்ட் க்ளைம் த ஸ்டெப்ஸ்." "ஷீ குட்ன்ட் கோ டு வேர்க் ஃபோர் த்ரீ டேஸ்." "ஷீ கான்ட் லிஃப்ட் ஹேர் ஆர்ம்." பேர் போடாமல், அதாவது வேலைக்குப் போகாமல், வீட்டில் தங்கினார் என்றால் எங்கள் தோட்டத்தில் அது எவ்வளவு பெரிய வலி என்று எல்லோருக்கும் தெரியும். இப்படிச் சொன்னால் டொக்டருக்கும் தெரியும்.

காலத்தைச் சொல்வதற்கு வீட்டிலேயே தயாராக வேண்டும். "தீவாளிக்கு முந்தி", "சம்பளம் போட்ட வாரம்", "திருவிழா முடிஞ்சு" என்றுதான் எங்கள் வீடுகளில் ஞாபகம் வைத்திருப்பார்கள். பஸ் ஏறுமுன் கலண்டரைப் பார்த்து அதை நாளாகவும் மாதமாகவும் மாற்றிக் கொப்பியில் எழுதிவிடுங்கள். எத்தனை நாளாக என்றால் "ஃபோர்", எந்த நாளிலிருந்து என்றால் "சின்ஸ்". "ஃபோர் டூ வீக்ஸ்", "சின்ஸ் மன்டே". இது தப்பினாலும் டொக்டர் விளங்கிக்கொள்வார், நாள் தப்பினால்தான் கஷ்டம்.

இன்னொன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் இதுதான் ஆபத்தான இடம். "யூ டிட்ன்ட் டேக் த டேப்லெட்?" என்று டொக்டர் கேட்கிறார். மாத்திரை போடவில்லை. தமிழில் நாம் "ஆமா, போடல" என்போம். அதே பழக்கத்தில் "யெஸ்" என்று சொல்லிவிட்டால், போட்டாயிற்று என்று அவர் எழுதிக்கொள்வார். "நோ அலர்ஜிஸ்?" என்ற கேள்விக்கும் அப்படித்தான் தலைகீழாகும். நம்முடைய தலையாட்டலும் எந்தப் பக்கத்துக்கு என்று அவர்களுக்குப் பிடிபடாது. அதனால் ஆமா, இல்லை என்ற பேச்சே வேண்டாம், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்கிறேன். "ஐ டிட்ன்ட் டேக் இட்." "ஐ டுக் இட் திஸ் மோர்னிங்." "ஐ காட் எ ரேஷ் ஆஃப்டர் பெனிசிலின்." ஒவ்வாமை என்றால் எந்த மருந்து, போட்டதும் என்ன நடந்தது, இரண்டும் வேண்டும்.

தெரிந்த சொல்லே ஆஸ்பத்திரிக்குள் வேறு வேலை செய்யும். "எனி கம்ப்ளெய்ன்ட்ஸ்?" என்றால் யார்மேல் முறைப்பாடு என்று அல்ல, உடம்புக்கு என்ன என்று. "ட்ரக்ஸ்" என்றால் வழக்கமாகப் போடும் மருந்து, போதைப்பொருள் பற்றிய கேள்வி என்று பையன்கள் மிரள வேண்டாம். ரிப்போர்ட் "நெகட்டிவ்" என்றால் தேடிய கோளாறு அகப்படவில்லை என்று அர்த்தம், அநேகமாக அது நல்ல செய்தி. "டிஸ்சார்ஜ்" என்றால் வீட்டுக்கு அனுப்புவதும்தான், புண்ணிலிருந்தோ பெண்களுக்கோ வடிவதும்தான். "மோஷன்" மலம். "டூ யூ ச்யூ பீட்டல்?" என்ற கேள்வி மலையகத்தில் கட்டாயம் வரும். வெற்றிலை போடுவீர்களா என்று கேட்கிறார். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதால் கேட்கிறார். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

"ஃபாஸ்டிங்" பற்றி ஒரு வார்த்தை. சீனி பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொன்னால், எங்கள் வீடுகளில் சோறு ரொட்டி சாப்பிடாமல் போவார்கள், ஆனால் சீனி போட்ட பிளேன்டீ ஒன்று உள்ளே போயிருக்கும். அது ஃபாஸ்டிங் ஆகாது. தண்ணீர் மட்டும்தான். "கென் ஐ ட்ரிங்க் வோட்டர்? கென் ஐ டேக் மை மோர்னிங் டேப்லெட்?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் நிற்கும் கவுண்டருக்கு வரும் மருந்துத் துண்டுகளில் பாதி லத்தீன். காலைக்கு "மேனே", இரவுக்கு "நொக்டே", ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு பி.டி., மூன்று தடவைக்கு டி.டி.எஸ்., சாப்பாட்டுக்கு முன் ஏ.சி., பின் பி.சி. டெஸ்டுகளில் எஃப்.பி.சி. என்றால் இரத்த அணுக்கள் பார்ப்பது, எஃப்.பி.எஸ். என்றால் வெறும் வயிற்றுச் சீனி, யூ.எஃப்.ஆர். என்றால் மூத்திரம். இவ்வளவு தெரிந்தாலே கிளினிக் கொப்பியில் பாதி திறந்துவிடும். ஆனால் வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று நீங்களே அளவை மாற்றக்கூடாது, சந்தேகம் என்றால் மருந்து தருபவரிடம் கேளுங்கள். அங்கே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கியிருக்கிறேன்: "இஸ் திஸ் த சேம் அஸ் த அதர் ஒன்?" பாரசிட்டமோல் ஒரு கவரில், பனடோல் இன்னொரு கவரில் வைத்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒன்றுதான். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆரோக்கியமான பெரியவருக்கும் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது, கூடினால் ஈரல் கெட்டுவிடும்.

இனி, கூடப் போகிறவர் யார் என்ற விஷயம். இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. ஆங்கிலம் படிக்கிறான் என்பதற்காகப் பள்ளிக்கூடம் போகும் மகனைத் தாயோடு டொக்டரிடம் அனுப்புகிறார்கள். "வென் வோஸ் யுவர் லாஸ்ட் பீரியட்?" என்று கேட்டதும் பையன் தரையைப் பார்க்கிறான், தாய் சுவரைப் பார்க்கிறார். "எல்லாம் சரி டொக்டர்" என்று முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மாதக்கணக்காக இரத்தம் போனதை ஒரு தாய் இப்படி மறைத்திருந்தார். பெண்ணோடு பெண்தான் போக வேண்டும், அதுவும் வளர்ந்த பெண். போகிறவருக்கு வீட்டுப் பேச்சும் தெரிந்திருக்க வேண்டும். "குளிக்காம இருக்கா" என்று மாமியார் சொன்னால் அது கர்ப்பம் என்று தெரியாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் டொக்டர் என்ன விளங்கிக்கொள்வார்?

கூடப் போகிறவர் நோயாளியின் இடத்தில் தான் பதில் சொல்லக்கூடாது. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், டொக்டர் சொன்னதையும் அப்படியே திருப்பித்தர வேண்டும். கனமான செய்தி என்றால் இது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாத" என்று அண்ணன்மார் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். நான் இப்போதெல்லாம் போகும் வழியில், பஸ்ஸிலேயே, நோயாளியிடம் கேட்டுவிடுகிறேன்: "அத்தை, டொக்டர் சொல்றதையெல்லாம் உங்ககிட்ட சொல்லவா, இல்ல வேற யார்கிட்டயும் சொல்லணுமா?" அநேகம் பேர் தங்களுக்கே சொல்லச் சொல்கிறார்கள். உடம்பு அவர்களுடையது. அவர்கள் சொல்வதுதான் எனக்கு முடிவு.

அவசரத்துக்கு வேறு ஆங்கிலம். மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஒரு கூட்டம் கிளம்பினால் பத்துப் பதினைந்து பேரைக் கொட்டிவிடும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரி வாசலில் இலக்கணத்துக்கு நேரமில்லை. "வாஸ்ப் ஸ்டிங்ஸ். மெனி. டென் ஓ க்ளொக். லிப்ஸ் ஸ்வொலன். கான்ட் ப்ரீத். ஷீ ஃபெய்ன்டட்." என்ன கொட்டியது, எத்தனை, எப்போது, உதடு முகம் வீங்கியதா, மூச்சு முட்டுகிறதா, மயங்கினாரா. மூச்சும் மயக்கமும்தான் உயிர் போகும் அறிகுறி, அதற்கு உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அதனால் யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவரை முதலில் காட்டிச் சொல்லுங்கள். சத்தம் போட்டு அழுகிறவர் பக்கம்தான் எல்லோருடைய கண்ணும் போகும், பேச்சு மூச்சு இல்லாமல் சரிந்து கிடப்பவர் பின்னால் போய்விடுவார்.

இதுவரை சொன்னது நாம் சொல்ல வேண்டியது. கேட்க வேண்டியதும் இருக்கிறது. "சொரி டொக்டர், ப்ளீஸ் சே இட் ஸ்லோலி." "ப்ளீஸ் ரைட் இட் டவுன்." "வாட் இஸ் திஸ் டேப்லெட் ஃபோர்?" முதல் தடவை இதைக் கேட்கும்போது குரல் நடுங்கும். பரம்பரையாகத் தொரைமார் முன்னால் கைகட்டி நின்று பழகிய உடம்பு நமக்கு. ஆனால் கேட்டதற்காக என்னோடு கோபித்த டொக்டர்மார் குறைவு. நிறுத்தி, கதிரையை இழுத்து உட்கார்ந்து, படம் வரைந்து காட்டிய இளம் சிங்கள டொக்டர்மாரைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். "மூச்ச இழுங்க, விடுங்க" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் தமிழில் ஓரடி வந்தால் நாம் ஆங்கிலத்தில் ஓரடி போவோம்.

புறப்படுமுன் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "சோ, ஒன் இன் த மோர்னிங், ஒன் அட் நைட், ஆஃப்டர் ஃபுட். இஸ் தட் ரைட்?" தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். கேட்டுப் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டில் வந்து "என்ன சொன்னாரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை இதனால் எங்கள் லயத்தில் பெரும்பாலும் நிறுத்திவிட்டோம்.

ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். எங்கள் பெரியவர்கள் பேனையை வாங்கி உடனே போட்டுவிடுவார்கள், இல்லை என்றால் பெருவிரலை நீட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "வை டஸ் ஷீ நீட் இட்? இஸ் தேர் அனதர் வே? வாட் ஹேப்பன்ஸ் இஃப் வி வெய்ட்?" ஏன் வேண்டும், வேறு வழி உண்டா, பொறுத்தால் என்னாகும். மூன்றுக்கும் பதில் வந்து, அது நோயாளிக்குத் தமிழில் போய்ச் சேர்ந்து, அவர் சரி என்ற பிறகு கையெழுத்துப் போடலாம்.